நீரும் அமானிதமே

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தனி மனிதனுக்கே இத்தடை என்றால், ஆலைகளுக்கு இல்லையா?

நெய்வேலியில் வாழும் நாம் நீரின் ஆற்றலை அறிவோம். இங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க, அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாது இறைத்தாக வேண்டும். அந்நீர் கழனிகளுக்கும் பாய்கிறது. நீர் கெட்டால் நிலமும் கெடும் என்பதற்குப் பாலாறே சான்று.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் தீங்கு தீரவில்லை. 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகே உறங்கிய தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மாண்டனர்.

பாலாற்றங்கரை ஆலைகளுள் பல நம் சமுதாயத்தார் நடத்துபவை. ஆகவே கேள்வியை நம்மிடமிருந்தே தொடங்குவோம். நிலையம் கட்டினால் மட்டும் போதாது. அது முறையாக இயங்குகிறதா, வெளிவரும் நீர் தூயதா என்று நாள்தோறும் கணக்குக் கேட்க வேண்டும். பள்ளிவாசல் ஹவுளின் நீர் ஒளுவுக்கு ஏற்றதா என்று ஆராயும் நாம், ஆலை வாய்க்காலின் நீரைக் காணாதது போல் கடந்து செல்லலாமா? அமானிதத்திற்குக் கணக்கு உண்டு, இம்மையிலும், மறுமையிலும்.