சதுரங்கப்பட்டினத்திலும் நடந்த அமெரிக்கப் போர்

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளைச் சொல்பவர்கள் 1777 சரட்டோகா வெற்றியை விடமாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கைகோத்தது; விடுதலைப் போர் உலகப் போரானது. அதன் ஒரு களம் நம் செங்கல்பட்டுக் கடற்கரை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் சதுரங்கப்பட்டினத்துச் செங்கல் கோட்டை டச்சுக்காரர்களுடையது. 1780 டிசம்பரில் பிரிட்டன் அவர்கள்மீதும் போர் தொடுத்தது. அமெரிக்கர்களோடு அவர்கள் செய்த வணிகம் அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே கோட்டை ஆங்கிலேயரிடம் கைமாறியது. 1782 பிப்ரவரி 17 அன்று இதே கடலில் சுஃப்ரன் தலைமையிலான 12 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் ஹியூஸ் தலைமையிலான 9 ஆங்கிலப் போர்க்கப்பல்களும் மோதின. யாருக்கும் முடிவான வெற்றி இல்லை.

அதே காலத்தில் தமிழ் மண்ணில் ஆங்கிலேயரோடு போரிட்டவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. அவருக்கும் ஆங்கிலேயருக்கும் ஏற்கெனவே பகைதானே, அமெரிக்காவை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1769 ஒப்பந்தத்தை மீறி ஆங்கிலேயர் உதவிக்கு வராத கோபம் அவருக்கு இருந்தது. ஆனால், பிரான்சோடு போர் மூண்டதால்தான் 1779இல் ஆங்கிலேயர் மாஹேயைப் பிடித்தார்கள். ஹைதருக்கு ஆயுதம் வந்து இறங்கிய துறைமுகம் அது. மறு ஆண்டே அவர் படை ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் புகுந்தது. காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை நொறுங்கியது. பகை பழையது, அது வெடித்த நேரத்தை முடிவு செய்தது அமெரிக்கப் போர். 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் பீரங்கிகள் முழங்கியபோது ஐரோப்பாவில் முதற்கட்ட சமாதானம் கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. செய்திதான் வந்து சேரவில்லை. வாஷிங்டனையும் ஹைதரையும் வெவ்வேறு பாடங்களில் படிக்கும் வரை இரண்டு பாடமும் அரைகுறைதான்.