கல்மண்டபத்தில் ஒரு கைதட்டு

அப்பா நாதஸ்வரத்தை உறையில் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மூச்சு ஒத்துழைக்கவில்லை. மகனிடம் மிஞ்சியது, வீட்டில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே உட்கார்ந்து வாசித்த ஒரே ஒரு கல்யாணி. நாதம் வறண்டு கிடந்தது.

பாளையங்கோட்டையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் மகன், சாஃப்ட்வேரில் இருந்த 'சர்ச்', 'ஹால்' ரிவெர்ப்களைப் போட்டுப் பார்த்தார். எதுவும் அப்பாவுக்கு ஒட்டவில்லை.

ஒரு விடியற்காலை, அனுமதி கேட்டுக்கொண்டு, குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபத்தில் ரெக்கார்டரை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பலூன் உடைத்தால் இன்னும் சுத்தமாகப் பதியும். கோயிலில் அது சரிப்படுமா? தாமிரபரணி வெள்ளத்தில் முங்கி முங்கி எழும் கல் அது. தட்டலுக்குப் பிறகு அந்தக் கல் திருப்பித் தந்த முழக்கம்தான் அவருக்கு வேண்டியது.

அந்த முழக்கத்தை இசையின் ஒவ்வொரு துளியிலும் ஏற்ற வேண்டும். வினாடிக்கு 44,100 துளிகள். முழக்கம் ஒரே வினாடி நீடித்தாலும், ஒரு வினாடி இசைக்குச் சுமார் 194 கோடிப் பெருக்கல்! இரண்டையும் அதிர்வெண்களாகப் பிரித்துவிட்டால் அதது அததோடு பெருகினால் போதும். அப்படி வேகமாகப் பிரிக்கும் கணக்கை 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்று சாதாரண லேப்டாப்பே செய்துவிடுகிறது.

ஹெட்போனை மாட்டிய அப்பா கண்ணை மூடினார்.

"எலேய், குறுக்குத்துறையில நான் எப்பம்ல கல்யாணி வாசிச்சேன்?"

மகன் பேசவில்லை.

"மேல கொஞ்சம் கீச்சுங்கு. அதைக் குறைச்சு, இன்னொருக்கா போடு."