வயதுக்கு விலை போட்டேன்

ஒரு மனிதரின் சம்பளத்தை அவர் பிறந்த வருடத்தை வைத்து முடிவு செய்தேன். அதை அவரிடம் சொல்லாமல் மறைத்தேன். அப்படிச் செய்வதற்கான நியாயத்தை ஒரு விளையாட்டிலிருந்து கடன் வாங்கினேன். மூன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2001-ல் வேலைக்காக மாசசூசெட்ஸ் வந்தேன். அதே அலுவலகத்தில் எனக்குப் பத்து வருடம் முன்பே சேர்ந்திருந்தவர் அவர். திருநெல்வேலிக்காரர். அங்கிருந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் அண்ணாச்சி. குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்தது, பனியில் கார் ஓட்டப் பழக்கியது, ஆஷ்லண்ட் லட்சுமி கோயிலுக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனது எல்லாம் அவர்தான். அமெரிக்கக் கால்பந்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

2002 ஜனவரி 19. கொட்டும் பனியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி ஓக்லண்ட் ரெய்டர்ஸோடு மோதிய இரவு. அவர் வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலுக்கு அதிகம் வேலையில்லாத இந்த ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்றேன். "பேரை விடுடே. அந்தப் பன்னெண்டாம் நம்பர் பையனைப் பாரு" என்றார். அது பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. அப்போது அவருக்கு 24 வயது.

குவார்ட்டர்பேக் என்றால் யார் என்று அன்று அண்ணாச்சி சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. "நம்மூர்க் கல்யாணத்துல தவசுப்பிள்ளை நிப்பாருல்லா, அது மாதிரிதான். காய் நறுக்குறவன் வேற, அடுப்புக்கு விறகு தள்ளுறவன் வேற. ஆனா எது எப்ப இறங்கணும்னு அவரு கண்ணுக்குத்தான் தெரியும்." பந்து கைக்கு வந்ததும் எதிரணியினர் அவன்மேல் பாய்வதற்குள் இரண்டு மூன்று விநாடிகள்தான் கிடைக்கும். அதற்குள் யார் எங்கே ஓடுகிறான், எந்த வழி திறக்கும் என்று பார்த்து எறிந்துவிட வேண்டும். கை பலம் அதில் பாதி. மீதி, பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு.

அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் வரிசையில் 2000-ல் 199-ஆவது ஆளாகத் தேர்வானவர் பிரேடி. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த ட்ரூ பிளெட்ஸோவுக்கு 2001 மார்ச்சில்தான் அணி பத்து ஆண்டுகளுக்கு 103 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தது. செப்டம்பரில் பிளெட்ஸோ காயப்பட்டார், பிரேடி உள்ளே வந்தார், அந்தப் பருவத்தின் கோப்பையையும் வென்றார். மறு வருடம் பிளெட்ஸோ பஃபலோ அணிக்குப் போய்விட்டார். இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: பழையவரை விட்டால் புதியவர் கிடைப்பார்.

பதினெட்டு வருடம் கழித்து, பழையவரா புதியவரா என்ற கேள்வி பிரேடியிடமே திரும்பி வந்தது. ஆறு கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவருக்கு 2019 பருவத்தில் 42 வயது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் 24தான் எறிந்தார். 2020 ஜனவரி 4 அன்று டென்னசி டைட்டன்ஸிடம் 20-13 என்று தோற்றபோது, அவர் எறிந்த கடைசிப் பந்து எதிரணிக்காரர் கையில் போய் விழுந்தது. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. இனியும் பெரும்பணம் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது என்று நான் ஓயாமல் வாதாடினேன். இந்த லீகில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020-ல் ஓர் அணி மொத்தமாக 198.2 மில்லியன் டாலருக்குமேல் கணக்கில் காட்ட முடியாது. ஐம்பத்து மூன்று பேரும் அந்த ஒரே பானையிலிருந்துதான் சாப்பிட வேண்டும். ஒருவருக்கு இருபத்தைந்து மில்லியன் போனால் காப்பாற்றும் வரிசையிலும் பந்து பிடிக்கும் வரிசையிலும் ஆள் குறையும். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று சொன்னார்: "பிடிக்க ஆள் இல்லாம எறிஞ்சா எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அதை வயசுன்னு எழுதிராதே." பிரேடியின் நம்பிக்கைக்குரிய ராப் க்ரான்கவ்ஸ்கி 2019-ல் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடம் நிரம்பவே இல்லை. அண்ணாச்சி சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் அந்த மாதத்தில் என் மேஜையிலும் ஒரு பட்டியல் இருந்தது.

அப்போது நான் மேனேஜர். அண்ணாச்சிக்கு 58 வயது, என் குழுவில் இருந்தார். குழுவின் சம்பள உயர்வுக்கென்று ஒரு தொகை தருவார்கள், நான் பங்கிட வேண்டும். பல வருடங்களாக அவர் சொற்ப உயர்வையே வாங்கிக்கொண்டு, "சின்னப் பயலுவளுக்குக் கொடு" என்று விட்டுக்கொடுத்தவர். அந்த வருடம்தான் முதல்முறையாகக் கேட்டார். மகள் மருத்துவம் படிக்கிறாள், இந்த ஒரு தடவை பார்த்துச் செய் என்றார். பார்க்கிறேன் அண்ணாச்சி என்றேன்.

பார்க்கவில்லை. இளையவர்கள் இருவருக்குப் பிரித்துக் கொடுத்தேன். கணினியில் நான் எழுதி வைத்த காரணம், அவருடைய வேலையின் அளவு இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது என்பது. குறைந்தது உண்மை. குறைத்தவன் நான். அவருக்குத் துணையாக இருந்த இரண்டு பேரையும் புதிய திட்டத்துக்கு மாற்றிவிட்டு, யாரும் தொட விரும்பாத பழைய மென்பொருளை அவர் தலையில் கட்டியிருந்தேன். பிடிக்க ஆள் இல்லாமல் எறியவிட்டேன். பிறகு எண்ணிக்கையைக் காட்டினேன்.

உள்ளே ஓடிய கணக்கு வேறு. 58 வயதில் இவர் எங்கே போய்விடப் போகிறார்? கொடுக்காவிட்டாலும் இருப்பார். போனாலும் இன்னும் எத்தனை வருடம்? நாற்பது வயதை எட்டியவர்களிடம் வயதைக் காரணமாக்கி ஊதியத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கான பயிற்சியை நான் முடித்திருந்தேன். அதனால்தான் வயது என்ற சொல்லை எங்கும் எழுதாமல் பார்த்துக்கொண்டேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கூசுகிறது. கூட்டங்களில் எனக்குப் பதில் தெரியாத இடத்தில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் இல்லாத குழுவில் அந்தப் பார்வை என்மேல் விழும் என்ற ஆசை எனக்கு இருந்தது. உச்சவரம்பு, எதிர்காலம் என்று நான் பேசியதெல்லாம் அந்த ஆசைக்குப் போர்த்திய சால்வை.

முடிவை நேரில் சொல்லக்கூட இல்லை. கடிதமாகப் போக விட்டேன். அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லி உத்தரவு வந்தது எனக்கு வசதியாகிவிட்டது. மார்ச் 17 அன்று பிரேடி பேட்ரியட்ஸை விட்டு விலகுவதாக அறிவித்தார். மே மாதம் அண்ணாச்சி ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போனார். போகும்போது அந்தப் பழைய மென்பொருளைப் பற்றி நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து நடந்ததை ஆட்டம் பார்ப்பவர்கள் அறிவார்கள். டாம்பா பே பக்கனீர்ஸ் பிரேடிக்கு இரண்டு வருடத்துக்கு ஐம்பது மில்லியன் டாலர் கொடுத்தது. க்ரான்கவ்ஸ்கியும் ஓய்விலிருந்து திரும்பி அவரோடு சேர்ந்துகொண்டார். 2021 பிப்ரவரி 7 அன்று கான்சஸ் சிட்டியை 31-9 என்று வென்றார்கள். க்ரான்கவ்ஸ்கி மட்டும் இரண்டு டச்டவுன் பிடித்தார். 43 வயதில் பிரேடி ஏழாவது கோப்பையைத் தூக்கினார். பேட்ரியட்ஸ் அந்தப் பருவத்தில் ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி. நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் அண்ணாச்சி இல்லாமல் நான் பார்த்த முதல் இறுதி ஆட்டம் அது.

பிரேடி ஜெயித்ததால் நான் செய்தது தவறாகிவிட்டது என்று நினைத்தால் அது இன்னொரு தப்பித்தல். அவர் தோற்றிருந்தாலும் நான் செய்தது தவறுதான். முதியவருக்குப் பணம் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அணிகளும் உண்டு. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2024-ல் 35 வயது கர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டு, அந்த டிசம்பரிலேயே அவரை வெளியே உட்கார வைத்தது. நியூயார்க் ஜெட்ஸ் 2023-ல் பெரும் எதிர்பார்ப்போடு கொண்டுவந்த 39 வயது ஆரன் ராட்ஜர்ஸ் முதல் ஆட்டத்தின் சில நிமிடங்களிலேயே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். உடம்புக்கு வயதாகிறது. பானையிலும் அளவாகத்தான் இருக்கிறது. மறுக்க வேண்டிய நேரம் நிஜமாகவே வரும்.

ஆனால் மறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்காக ஆடிய பெய்டன் மேனிங் கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 பருவம் முழுக்க ஆடவில்லை. 2012 மார்ச்சில் அவருக்கு 28 மில்லியன் டாலர் தர வேண்டிய கெடு. அதற்கு முந்தின நாள் அணி அவரை விடுவித்தது. அணி உரிமையாளர் ஜிம் இர்சே மேனிங்கோடு ஒரே மேடையில் நின்று, உலகம் பார்க்க அதைச் சொன்னார். இருவருக்கும் குரல் உடைந்தது. மேனிங் டென்வர் போய் 2013-ல் 55 டச்டவுன் எறிந்து சாதனை படைத்தார், அங்கேயே ஒரு கோப்பையும் வென்றார். ஆட்டக் கணக்கில் கோல்ட்ஸ் செய்தது சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் 2017-ல் அதே ஊரில் மேனிங்குக்குச் சிலை திறந்தபோது, அவரால் அங்கே தலை நிமிர்ந்து வந்து நிற்க முடிந்தது. முகத்துக்கு நேரே சொன்ன மறுப்பு உறவை அறுக்கவில்லை. நான் மேடையும் ஏறவில்லை, ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யவில்லை.

அதன்பின் இரண்டு முறை அண்ணாச்சியைக் கோயிலில் பார்த்தேன். இரண்டு முறையும் அவரே வந்து பேசினார், நான் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு நழுவினேன். போன வருடம்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அதே வரவேற்பறை. வேலை அளவு குறைந்ததற்குக் காரணம் நான், வயதைத்தான் கணக்கில் வைத்தேன், உங்களைப் பார்த்துப் பொறாமையும் பட்டேன் என்று மூன்றையும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தப் பயலுவ ரெண்டு பேரும் இப்ப எப்படி இருக்கானுவ?" என்று கேட்டார். ஒருவன் அடுத்த வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டான், இன்னொருவன் உங்கள் நாற்பது பக்கத்தை வைத்துத்தான் பிழைக்கிறான் என்றேன். "அதுல ஏழாம் பக்கம் ஒரு தப்பு உண்டு. திருத்தச் சொல்லு" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழாம் பக்கத்தைத் திருத்தினோம். இப்போது பட்டியல் என் மேஜைக்கு வரும்போது, குறைவாகக் கொடுப்பவர்களை முதலில் கூப்பிடுகிறேன். கதவைச் சாத்தி, எதிரே உட்கார வைத்து, காரணத்தை என் வாயாலேயே சொல்கிறேன். சொல்லக் கூசுகிற காரணம் என்றால் பட்டியலை மறுபடி போடுகிறேன். அண்ணாச்சிக்கு நான் தர மறுத்தது இதனால் திரும்பி வராது. அது என் கணக்கில் கடனாகவே இருக்கிறது.