கடன் கொடுத்தவள் ஓட முடியாது

'கெப்பாசிட்டி பில்டிங்' என்று ஒரு சொல் இருக்கிறது. தொண்டு நிறுவன வட்டாரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நாலு தடவையாவது காதில் விழும். தமிழில் 'திறன் வளர்ப்பு' என்கிறார்கள். நடைமுறையில் அதற்கு அர்த்தம்: ஒரு ஃபைல், ஒரு பேனா, பதினோரு மணிக்கு டீயும் மெதுவடையும், சாயங்காலம் ஒரு குரூப் போட்டோ. கிண்டலுக்குச் சொல்லவில்லை. வடை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அப்படி ஒரு பயிற்சியை எட்டிப் பார்க்க சங்கரன்கோவில் போயிருந்தேன். ஆடித்தபசு ஊர். மற்ற நாட்களில் அங்கே அதிகம் கேட்பது விசைத்தறிச் சத்தம்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சில ஆசிரியர்கள். தலைப்பு, 'ஆள் கடத்தலைத் தடுப்பது எப்படி?'

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் முதல் படமாகவே ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனைத் திரையில் போட்டார். பத்து வயசு இருக்கும். அவனைவிட உயரமாக ஒரு துப்பாக்கி. 'குழந்தைப் போராளி' என்று விளக்கினார். கூட்டம் உச்சுக் கொட்டியது. பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டார்.

"துப்பாக்கி இருந்தாத்தான் கடத்தலா சார்? கல்யாணப் பத்திரிகை மாதிரி நோட்டீஸ் அடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது என்னது?"

பயிற்சியாளர், "நல்ல கேள்வி, பின்னால பார்ப்போம்" என்றார். பின்னால் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன்.

முப்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறார். பத்தாவது முடித்ததும் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனவர். கூட்டிப் போனது யாரோ ரவுடி இல்லை. "பெரியம்மா மவன்தான் சார் புரோக்கர். அண்ணன்னு நம்பித்தானே போனேன்." மூணு வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக 40,000 ரூபாய். கல்யாணச் செலவுக்கு ஆச்சு என்று அம்மா சம்மதித்துவிட்டார்.

இதுதான் சுமங்கலித் திட்டம். சில இடங்களில் மாங்கல்யத் திட்டம், சில இடங்களில் திருமகள் திருமணத் திட்டம். எவ்வளவு மங்களகரமான பெயர்கள்! கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு நெல்லை, விருதுநகர், தூத்துக்குடி என்று தெற்கத்திக் கிராமங்களிலிருந்து வேன் வேனாகப் பெண் பிள்ளைகள் போனார்கள். பெரும்பாலும் பதினான்கிலிருந்து இருபது வயசுக்குள்.

"அரை நைட் ஷிப்ட்டு முடிச்சுப் படுத்தா, ஆள் குறையுதுன்னு எழுப்பிருவாங்க. பஞ்சு மூக்குல ஏறி எப்பப் பாத்தாலும் இருமலு. வீட்டுக்குப் போன் பேசணும்னா வார்டன் பக்கத்துலயே நிப்பா. மஞ்சக்காமாலை வந்து ஊருக்கு வந்தேன் சார். முப்பத்தி நாலு மாசம் முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு மாசந்தான் பாக்கி. ஒத்தப் பைசா தரல."

நான் பி.காம். படித்தவன். கதையாகக் கேட்டால் கண் கலங்குகிறது, கணக்காகப் போட்டால் ரத்தம் கொதிக்கிறது. பேனாவை எடுத்துப் போட்டே பார்த்துவிட்டேன்.

மாதம் 26 நாள் வேலை என்றால் மூணு வருஷத்துக்கு 936 நாள். 40,000-ஐ வகுத்தால் நாளுக்கு 43 ரூபாய்கூட இல்லை. சாப்பாட்டுக் காசு பிடித்தது போக மாதா மாதம் கையில் கொடுத்தது சோப்பு, பவுடருக்குச் சரியாக இருந்ததாம். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம்தான் சுவாரஸ்யம். அந்த 40,000 ரூபாய் ஆலை கொடுக்கும் அன்பளிப்பு அல்ல, அவள் சம்பாதித்து ஆலையிடம் விட்டு வைத்த கூலி. மாதம் 1,111 ரூபாய். அதையே தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதிரி 8 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால், முடிவில் ஏறக்குறைய 5,000 ரூபாய் வட்டி மட்டுமே வந்திருக்கும். வட்டி கிடையாது, பாஸ்புக் கிடையாது, ரசீதும் கிடையாது. 500 பெண்கள் முன்பின்னாகச் சேர்ந்து வேலை பார்க்கும் ஆலையில், எந்த நேரத்திலும் ஆளுக்குச் சராசரியாக 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி ரூபாய்! எந்த பேங்க் மேனேஜராவது ஜாமீன் கேட்காமல், வட்டி கேட்காமல் ஒரு கோடி தருவாரா? பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் தந்திருக்கிறார்கள்.

கொத்தடிமை முறை நமக்குத் தெரியும். முதலாளியிடம் கடன் வாங்கியவன் ஓட முடியாது. 1976-ல் அதை ஒழிக்கச் சட்டமே வந்தது. இங்கே விஷயம் தலைகீழ். கடன் கொடுத்தவள் ஓட முடியாது. ஓடினால் கொடுத்தது போச்சு. முதல் மாதம் விட்டுப் போனால் நஷ்டம் 1,111. முப்பத்தி நாலாவது மாதம் போனால் 37,000-க்கு மேல். உடம்புக்கு எவ்வளவு முடியாமல் போனாலும், நாள் ஆக ஆகப் பூட்டு இறுகிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு காமர்ஸில் கோல்டு மெடலே கொடுக்கலாம்.

"விருப்பப்பட்டுத்தானே வந்தார்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால், அது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. 2013-ல் திருத்தப்பட்ட ஆள் கடத்தல் சட்டப் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்கிறது. 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே இருக்கிறது. ஆசை காட்டிக் கூட்டிப்போவதும் அந்தப் பிரிவில் அடக்கம். ஆக, நோட்டீஸ் அடித்துக் கூட்டிப் போனாலும் கடத்தல் கடத்தல்தான். மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

திரையில் காட்டிய சிறுவனுக்காக ஆப்பிரிக்கா வரை போயிருக்கவும் வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். இலங்கைப் போரில் புலிகள் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 2004-ல் பிரிந்து போன கருணா அணியும் சேர்த்தது. கடைசி வருடங்களில் வன்னியில், கல்யாணம் ஆனவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பெற்றோர் சின்னப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். இங்கே தாலிக்காகப் பிள்ளையை அனுப்பினோம். அங்கே பிள்ளையை அனுப்பாமல் இருக்கத் தாலி. இரண்டு இடத்திலும் படிப்புதான் பாதியில் நின்றது.

அங்கேயும் திறன் வளர்ப்பு நடந்தது. 2003-ல் அரசும் புலிகளும் யுனிசெஃப் துணையோடு ஒரு செயல்திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். கிளிநொச்சியில் இடைத்தங்கல் மையம் திறந்தார்கள். திரும்பி வரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, குடும்பங்களுக்குச் சிறு கடன். ஏட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முன்வாசலில் கொஞ்சம் பேரை விடுவித்துக்கொண்டே பின்வாசலில் ஆள் சேர்த்தார்கள். தையல் மெஷின் கொடுத்து என்ன செய்ய? போர் முடிந்த 2009-ல் சரணடைந்தவர்களில் 594 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களில் பலர் ரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கிப் படித்தார்கள். 2010-ல் குடும்பங்களோடு சேர்ந்தார்கள். அந்தப் பயிற்சிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. பின்னால் பிடித்து இழுக்க யாரும் இல்லை.

நம் ஊரிலும் அதேதான். 2011-ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வறிக்கை வெளிநாட்டு பிராண்டுகளின் பெயரோடு விஷயத்தைப் போட்டு உடைத்த பிறகு, 'சுமங்கலி' என்ற சொல் போஸ்டரிலிருந்து மெல்ல மறைந்தது. ஹாஸ்டல் மறையவில்லை. இப்போது அங்கே ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. திறன் வளர்ப்பு என்று யாருக்கோ நடத்துகிறோமே, அதைத் தொழிலாளர் ஆய்வாளருக்கு, போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கு நடத்தலாம். ஏமாற்றியது அண்ணன் முறையே ஆனாலும் எஃப்.ஐ.ஆர். போடுவது எப்படி என்று.

தையல்கார அக்காவிடம், "அப்ப உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்திருந்தா போயிருக்க மாட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இப்பப் போட்டீங்கள்ல ஒரு வகுத்தல் கணக்கு, அத எங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும் சார்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கணக்கு தெரிஞ்சிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பாவ. வேற என்ன வழி இருந்துச்சு?" என்றும் சொன்னார்.

வழி என்று யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. 1989-ல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. பெயர், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய அதே அம்மையார். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். "தாலித் தங்கம் போச்சே" என்று புலம்பியவர்கள் நிறைய. எனக்கு இது நல்ல வரவு செலவாகப் படுகிறது. கல்யாணத்தன்று மொத்தமாக வருவதற்குப் பதில், படிக்கும்போதே மாதா மாதம் அவள் கைக்கே வருகிறது.

ஆனால் இது பெரும்பாலும் பிளஸ் டூ தாண்டியவளுக்கு. புரோக்கர் வருவது பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு.

மறுநாள், ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை. மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். பத்தாவது முடித்த பெண் பிள்ளைகளின் பெயர், தெரு, அம்மாவின் செல் நம்பர். பிளஸ் ஒன் சேர்ந்தால் பெயருக்கு நேரே ஒரு டிக். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் டிக் விழாத வீடுகளுக்கு மொபெட்டில் கிளம்பிவிடுவாராம்.

"புரோக்கர் வாரதுக்கு முன்ன நான் போயிரணும் சார். அவன் அட்வான்ஸ் குடுத்துட்டாம்னா அப்புறம் நம்ம பேச்சு ஏறாது" என்றார். பேசிக்கொண்டே நோட்டைப் புரட்டி, யாருக்கோ போன் போட்டார். மூணு ரிங் போயும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.