பெரிய எழுத்து தேசிங்கு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை, செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டைச் சுவருக்குள்ளேயே நுழைந்து போகும். இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி, தள்ளி சந்திரகிரி. யாரோ அடுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி பாறைமேல் பாறையாக மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக்கொண்டு ஓடுகிற மதிலில் இப்போது முள்ளும் ஆலங்கன்றும் முளைத்துக் கிடக்கின்றன.

இந்த மலையைப் பிடிக்க எத்தனை பேர் வந்தார்கள்! ஆனந்தக் கோன் தொடங்கி வைத்தான் என்பார்கள். விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி. அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து அரசவை நடத்த, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698இல்தான் உள்ளே வர முடிந்தது. அதே கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் ஒரே இரவில் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள்.

என் தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தேசிங்கைத் தெரியும். முழுதாகப் பத்து மாதம்கூட ஆளாத அந்த இளைஞனைத்தான் எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாமே ராஜா என்றன. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டுப் படையோடு வந்தபோது, பணிய மறுத்து, கொஞ்சம் ஆட்களோடு குதிரையேறிப் போய்ச் செத்தவன்.

பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதைப் புத்தகம் ஒன்று தாத்தாவிடம் இருந்தது. சாணித்தாள், மேலட்டை போய்விட்டது, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். கடலைக்காய் உடைக்கும் நாட்களில், ஆட்கள் எல்லாரும் களத்தில் வட்டமாக உட்கார்ந்ததும் அதை எடுப்பார். எடுப்பாரே தவிரப் பார்த்துப் படித்ததில்லை. டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரை அடங்குகிற இடத்தில் தொடையில் தாளம் விழும். கடலைக்காய் உடைக்கிற சத்தமும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். கல்யாணக் கோலத்தில் இருந்த முஸ்லிம் நண்பன், தேசிங்கின் ஓலை வந்ததும் மணவறையை விட்டு எழுந்து போருக்குப் போகிற கட்டத்தில் மட்டும் அவர் குரல் கம்மும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்த நண்பனுக்கும் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதி காட்டுவார்கள். அங்கே ஒருமுறை என்னைக் கூட்டிப் போய், செருப்பைக் கழற்றச் சொன்னார்.

கோட்டைக்குள் அவர் முதலில் நிற்பது கல்யாண மகாலில். சுவருக்குள் புதைத்திருக்கும் சுட்டமண் குழாயில் என் விரலை விடச் சொல்வார். வெளியே இருந்த நீர் இந்தக் குழாய் வழியாகத்தான் மேல்மாடிவரை ஏறியது. உள்ளே வழவழவென்று, வெயில் நேரத்திலும் சில்லென்றிருக்கும். அப்புறம் நெற்களஞ்சியம். வளைந்த கூரைக்குக் கீழே நின்று “தேசிங்கு!” என்று கூப்பிட்டால் நாலு பக்கமிருந்தும் பதில் வரும். ராஜகிரி உச்சிக்கு முன்னால் மலை பிளந்து நிற்கிற இடத்தில் பாலம் உண்டு. அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் சிலபேரே ஒரு படையை நிறுத்திவிடலாம்.

வேங்கடரமணர் கோயிலின் நெடிய தூண்கள் பிரெஞ்சுக்காரர்களோடு புதுச்சேரிக்குப் போய்விட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். கல் எங்கே போனாலும் தேடிப் பார்த்துவிடலாம். களத்துமேட்டுத் தாளத்தை எங்கே போய்த் தேடுவேன்? கடலைக்காய் உடைக்க இயந்திரம் வந்துவிட்டது. தாத்தா போன பிறகு அந்தப் புத்தகத்தையும் வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

2025இல் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எனக்கு உண்மையிலேயே பெருமைதான். இனி மதில்களைக் கவனிப்பார்கள், ஆட்கள் வருவார்கள். வருகிறவர்களுக்குத் தேசிங்கையும் சொல்ல வேண்டுமே என்பதுதான் என் கவலை. போன பொங்கலுக்கு அக்கா பேரனைக் களஞ்சியத்துக்குக் கூட்டிப் போனேன். “யார் தாத்தா தேசிங்கு?” என்றான். அங்கேயே தரையில் உட்கார்ந்து, குதிரை அடங்குகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் எனக்கு வரி நினைவில்லை. சொந்த வார்த்தையில்தான் சொன்னேன்.