மூன்று கோல்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, என் மகன் திருப்பதியிலிருந்து பெட்டியுடன் எங்கள் சித்தூர் வீட்டிற்கு வந்து நின்றான். "அப்பா, வேலை போய்விட்டது" என்றான். மூன்று ஆண்டுகளாக அங்கே என்னதான் சாதித்தாய் என்று கேட்க என் நாவு துடித்தது.

2002-ஆம் ஆண்டில், இதே வாசலில், என் தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வி அது. திருப்பதியில் ஒரு தங்கும் விடுதியில் மூன்று ஆண்டுகள் கணக்கெழுதிவிட்டு வெறுங்கையாய்த் திரும்பியிருந்தேன். பதில் சொல்ல வார்த்தையில்லை. பல மாதங்கள் நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

அந்நாட்களில் கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியாவும் தாயகம் திரும்பினார். சிக்கிமின் திங்கிதாம் கிராமத்தில் 1976-இல் பிறந்து, ஒன்பது வயதிலேயே படிப்பிற்காக வீட்டை விட்டுச் சென்றவர் அவர். 1999 செப்டம்பரில், மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பெரி என்னும் சிறு நகரத்தின் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஐரோப்பியக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் என்று நாடே மகிழ்ந்தது. அக்கழகமோ இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 3 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். முதல் கோலுக்கு 2000 ஏப்ரல் 15 வரை காத்திருந்தார். பின்னர் முழங்கால் காயம் அவரை முடக்கியது. மூன்று பருவங்களில் 37 லீக் ஆட்டங்கள், கோல்களோ மூன்றே. கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது அற்பமான கணக்கு.

ஆனால் அதுவே முடிவன்று. 2003-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றபோது, அவர் ஒன்பது கோல்கள் அடித்தார். 2007-இல் இந்திய அணி அவர் தலைமையில் நேரு கோப்பையை வென்றது. 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எனக்கும் அப்படியே. வீணென்று நான் எண்ணிய திருப்பதி நாட்களில் கற்ற தெலுங்குக் கணக்கெழுத்துதான், பிற்பாடு சித்தூர் வெல்ல மண்டியில் எனக்கு வேலை தந்து குடும்பத்தைப் போஷித்தது. என் தகப்பனார் கேட்டபோது அது எனக்கே தெரியாது.

ஆகையால் மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டாயா?" என்றேன். அவன் கண்கள் கலங்கின.

பிரியமானவர்களே, பட்டணத்திலிருந்து உங்கள் பிள்ளை திரும்பி வந்தால் முதலில் சோறு போடுங்கள். கணக்குப் பார்க்க இன்னும் நாட்கள் இருக்கின்றன.