பாரிஸில் ‘வந்துட்டேன்’ என்றால், இன்னும் வரவில்லை என்று அர்த்தம்!

பாரிஸின் ‘கார் து நோர்’ ரயில் நிலைய முகப்பில் 23 சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நகரம். உச்சியில் பாரிஸ். லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வருகிறவர்கள் இங்கேதான் இறங்க வேண்டும். உள்ளே வருகைப் பலகையில் ‘அரிவே’ என்று எழுதியிருக்கும். ‘வந்து சேர்’ என்ற வினைச்சொல்லுக்கும் அதே உச்சரிப்புதான்.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் அந்தச் சொல் வேஷம் மாற்றிக்கொள்கிறது. காபிக் கடையில் சர்வரைக் கூப்பிடுங்கள். “ஜாரிவ்!” என்பார். ‘வந்துட்டேன்’ என்று அர்த்தம். ஆனால், போவது எதிர்த் திசையில்! பாத்ரூமுக்குள் இருந்தபடியே “இதோ வந்துட்டேன்” என்று போனில் சொல்கிற நமக்கு இது புரியாதா என்ன?

யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், “கெஸ்கி தாரிவ்?” என்று கேட்பார்கள். அப்படியே நம்ம ‘உனக்கு என்ன வந்துச்சு?’தான். வாழ்க்கையில் ஜெயித்தவரையும் ‘வந்து சேர்ந்துட்டார்’ என்பார்கள். லத்தீனில் ‘ரீபா’ என்றால் கரை. அதிலிருந்து பிறந்த இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே கரை சேர்வதுதான். ‘பொண்ணைக் கரை சேர்த்தாச்சு’ என்கிற நம் பேச்சு ஞாபகம் வருகிறதா?

ஒரே ஓர் இடத்தில்தான் இரண்டு மொழியும் பிரிகின்றன. நாம் ‘எனக்குப் பாட வரலை’ என்கிறோம். பாட்டு நம்மைத் தேடி வர வேண்டுமாம். பிரெஞ்சுக்காரரோ, ‘ஜ நி அரிவ் பா’ என்பார். அவர்தான் அந்த இடம்வரை போய்ச் சேரவில்லை!

நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பெல். தமிழ்ப் பலகை தொங்கும் கடைகள், இடியாப்பம், மல்லிகைப்பூ. 1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் உருவாக்கிய பகுதி. இங்கே ‘ஜ நி அரிவ் பா’ வெறும் இலக்கணம் இல்லை. 2026 ஜனவரி முதல், 10 ஆண்டு வசிப்பு அட்டைக்கு பி1 நிலை, குடியுரிமைக்கு பி2 நிலை பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். பகலெல்லாம் ஓட்டல் சமையலறையில் நிற்கிறவருக்கு பி2 சாதாரண விஷயமா?

அதிலும் இந்தச் சொல் ஒரு பொல்லாத சொல். பெரும்பாலான வினைகளின் இறந்தகாலத்துக்கு ‘ஆவ்வார்’ துணை வந்தால், இதற்கோ ‘எத்ர்’ வேண்டும். ‘நான் வந்தேன்’ என்று பெண் எழுதினால், கடைசியில் கூடுதலாக ஓர் எழுத்து. காதுக்கு அது கேட்காது. ஆனால், தேர்வுத் தாளில் விட்டுவிட்டால் பிழை.